ரோபோவுக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

புரொஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி), சிறுநீரகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுக்கு ரோபோ உதவியுடன் செய்யப்படும் சத்திரசிகிச்சை பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை எங்கள் வீட்டில் மூன்று பேர் கைமாற்றி வாசித்தோம். எழுதப்பட்டவை பெரும்பாலும் சரியானவையே. ஆனால், இயந்திரம் இருக்கும் இடத்தைத் தேடிப் போவதுதான் சிகிச்சையின் முதற்படி என்று அதை வாசிப்பவர் எண்ணிக்கொள்ளக்கூடும். அந்த எண்ணத்தால் எங்கள் குடும்பம் ஒரு காணியையே விற்கப் பார்த்ததனால் இதை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் வசிக்கும் என் அத்தானுக்கு வயது 68. புரொஸ்டேட் நோயை அறிய உதவும் பி.எஸ்.ஏ. என்னும் குருதிப் பரிசோதனையில் அளவு சற்றுக் கூடியிருந்தமையால் தனியார் வைத்தியசாலை ஒன்றில் பயொப்சி (திசுத் துணுக்கை எடுத்துச் சோதித்தல்) செய்தார்கள். அறிக்கையை உறையில் இட்டுக் கவுண்டரில் கொடுத்துவிட்டார்கள். நிபுணரைச் சந்திக்கவோ இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அக்கா சாப்பாட்டு மேசையில் வைத்து உறையைப் பிரித்தார். ஆங்கிலத்தில் இருந்த இரண்டு பக்கங்களில் அவர்களுக்கு விளங்கியவை புற்றுநோய் என்ற சொல்லும் "3+3=6" என்ற கணக்கும் மட்டுமே. பத்துக்கு ஆறு என்றால் பாதிக்கு மேல் பரவிவிட்டது என்று அத்தான் தாமே முடிவுகட்டி, அன்றிரவு சாப்பிடாமல் படுத்துவிட்டார். ரொறன்ரோவிலிருந்து பேசிய மகன் ரோபோ என்றான், சென்னை என்றான். மறுநாளே கொக்குவில் காணிக்கு விலை விசாரிக்கத் தொடங்கினார்கள்.

உண்மையில் அந்த ஆறு, இன்று பயொப்சியில் புற்றுநோய்க்கு வழமையாக இடப்படும் மிகக் குறைந்த புள்ளி. நுணுக்குக்காட்டியில் தெரியும் திசுவின் தோற்றத்துக்கு 1 முதல் 5 வரை புள்ளியிட்டு, அதிகமாகத் தெரியும் இரு தோற்றங்களின் புள்ளிகளைக் கூட்டும் முறையை அமெரிக்க நோயியல் நிபுணர் டொனால்ட் கிளீசன் 1960களில் வகுத்தார். காலப்போக்கில் 1, 2 ஆகிய புள்ளிகள் பயொப்சியில் வழக்கொழிந்துபோனதனால், கணக்கு ஆறிலிருந்தே தொடங்கலாயிற்று. ஆறு என்றதும் நோய் நடுவழிக்கு வந்துவிட்டது என்று நோயாளிகள் கலங்குவது எங்கும் நடப்பதுதான். 2014இல் சிகாகோவில் கூடிய நிபுணர்கள் 1 முதல் 5 வரையான புதிய தரவரிசையை ஏற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். அதன்படி பழைய ஆறு, தரம் 1 ஆகும். அத்தானின் அறிக்கையிலும் அந்த வரி இருந்தது. அதை விரலால் தொட்டுக்காட்டித் தமிழில் சொல்ல அந்தக் கவுண்டரில்தான் ஒருவரும் இருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் சந்தித்த நிபுணர், இப்போதைக்கு வெட்டவே வேண்டாம், கண்காணிப்போம் என்றார். இது கைவிடுதல் அல்ல. பிரித்தானியாவில் புரொஸ்டேட்டுக்குள் அடங்கிய புற்றுநோய் உள்ள 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. மூன்று பிரிவுகளிலும் சேர்த்து இந்நோயால் இறந்தவர்கள் 45 பேர், அதாவது நூற்றுக்கு மூவரிலும் குறைவு. பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடும் இல்லை. கண்காணிப்பில் இருந்தோரில் நோய் பரவியவர்கள் மற்றப் பிரிவுகளைப்போல் ஏறத்தாழ இரு மடங்கினர் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆகவேதான் முடிவு ஆளுக்கு ஆள் மாறும்.

இனி ரோபோவுக்கு வருகிறேன். அது தானாக எதையும் வெட்டுவதில்லை. (கத்தி வைத்திருக்கையில் கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று அத்தான் கேட்டார், மின்வெட்டு மிகுந்த 2022ஆம் ஆண்டைக் கொழும்பில் கழித்தவருக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்குமா?) நோயாளியிடமிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் மேசையில் சத்திரசிகிச்சை நிபுணர் அமர்ந்து, பெருப்பித்த முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரல்களை அசைக்க, அந்த அசைவையே கருவியின் முனை உடலுக்குள் சிறிதாக்கிச் செய்கிறது, கைநடுக்கமும் வடிகட்டப்படுகிறது. குருதியிழப்புக் குறைகிறது, வீடு திரும்பும் நாளும் முந்துகிறது. கட்டியை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தின் எஞ்சிய பகுதியைக் காக்கும் சத்திரசிகிச்சையில், குருதியோட்டத்தை நிறுத்திவைத்திருக்கும் சில நிமிடங்களுக்குள் தையலிட்டாக வேண்டுமாதலால், அங்கே இக்கருவியின் அருமை தெரியும். ஆயினும் பிரிஸ்பேனில் 326 ஆண்களைக் கொண்டு ரோபோ முறையையும் வயிற்றைத் திறந்து செய்யும் முறையையும் ஒப்பிட்டு, 2016இலும் 2018இலும் முடிவுகளை வெளியிட்ட ஆய்வில், சலத்தை அடக்கும் திறனிலோ ஆண்மையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவியின் பெயரைவிட அதை இயக்குபவரின் அனுபவத்தை விசாரிப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகையால், தாங்கள் இவ்விடயத்தில் மேலும் கட்டுரைகள் வெளியிடுவதாயின், நோயாளி வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்விகளையும் நல்ல தமிழில் அச்சிடுங்கள். என் நோயின் தரம் என்ன, இப்போதே சத்திரசிகிச்சை அவசியமா, இதுவரை இப்படி எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஓராண்டுக்குப் பின்னும் சலம் கசிந்தது என்பவை அவற்றில் சில. கடைசிக் கேள்வியை எங்கள் ஆண்கள் வெட்கத்தால் கேட்பதில்லை. அத்தானுக்காக அதை அக்காதான் கேட்டார். பயொப்சி அறிக்கையுடன் ஒரு பக்கத் தமிழ், சிங்கள விளக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பதற்கு வைத்தியசாலைகளுக்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படாது என்பதையும் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

அத்தானுக்கு அடுத்த பி.எஸ்.ஏ. பரிசோதனை வரும் மாதம். காணியை விற்கும் பேச்சு நின்றுவிட்டது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.