பயிற்சி இருக்கட்டும், முதலில் கண்ணைப் பார்

அன்பு அம்முவுக்கு,

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது. ஆனால் சீனாவின் கான்சு மாகாணத்துக் கிராமத் தொடக்கப்பள்ளிகளில் கற்பித்தல் மேம்பட வேண்டும் என்று சொல்லிவிட்டு, எடுத்த எடுப்பிலேயே ஆசிரியர்களுக்கு மாவட்டத் தலைநகரில் ஐந்து நாள் பயிற்சி என்று போட்டிருக்கிறாய். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

அந்த மாதிரிப் பயிற்சிகளில் காலமெல்லாம் உட்கார்ந்தவன் நான். வட்டார வள மையத்தில் காலையில் கையெழுத்து, பதினோரு மணிக்கு டீயும் வடையும், மதியம் திரையில் படம். பேசுகிறவர் குழந்தை உளவியல் பேசுவார். நமக்கோ, ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் டீச்சர் என்ன பாடு படுகிறாரோ என்ற நினைப்புத்தான். சீனாவிலும் கதை பெரிதாக வேறில்லை போலிருக்கிறது. 2010-ல் அவர்கள் தொடங்கிய தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டத்தைப் பிறகு, போகிறவர்களைக் குலுக்கலில் தேர்ந்து சோதித்துப் பார்த்தார்களே, பயிற்சிக்குப் போய்வந்த கணித ஆசிரியர்களின் மாணவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒன்றும் கற்றிருக்கவில்லை. கட்டுரையை எனக்கு அனுப்பியதே நீதான். அது தொடக்கப்பள்ளி இல்லை, அதற்கு மேல் வகுப்புகள் என்பாய். சரி, ஆனால் பயிற்சி நடக்கும் விதம் மட்டும் சின்ன வகுப்புக்கு மாறிவிடுமா?

அதோடு சேர்த்து நீ அனுப்பிய மூக்குக்கண்ணாடிக் கட்டுரைதான் என்னை உலுக்கியது. ஷான்சியிலும் கான்சுவிலுமாக 252 தொடக்கப்பள்ளிகள், நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். கண்ணாடி தேவைப்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரிடம்தான் அது இருந்திருக்கிறது. இலவசமாகக் கொடுத்ததும் அந்தக் கல்வியாண்டுக்குள்ளேயே கணக்கு மதிப்பெண் ஏறியிருக்கிறது. ஆசிரியரை மாற்றவில்லை, பாடப்புத்தகத்தையும் மாற்றவில்லை.

சீன எழுத்தை நீதான் எனக்கு ஒருநாள் வீடியோவில் எழுதிக் காட்டினாய். இரண்டு கிடைக்கோட்டில் மேல்கோடு நீளமா, கீழ்க்கோடு நீளமா என்பதிலேயே எழுத்து வேறாகிவிடுகிறது. ஆறாம் வகுப்பு முடிக்குமுன் அப்படி மூவாயிரம் எழுத்துகளை அடையாளம் காண வேண்டும் என்கிறது அவர்கள் பாடத்திட்டம். கடைசி வரிசையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையனுக்குக் கரும்பலகையில் தெரிவதெல்லாம் சுண்ணாம்புப் புகை. அவனை மந்தமென்று எழுதிவைத்துவிட்டு, அவனுடைய ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்பி என்ன பயன்?

கண்ணாடி போட்டால் பிள்ளைக்குக் கண் கெட்டுவிடும் என்று பாட்டிமார் நம்புகிறார்கள் என்றாயே, அதை அடிக்குறிப்பில் தள்ளாதே. அப்பா அம்மா இருவரும் தெற்கே தொலைவில், குவாங்டாங் தொழிற்சாலையில். குடும்பப் பதிவு கிராமத்தில் இருப்பதால் பிள்ளையை நகரத்துப் பள்ளியில் சேர்ப்பதும் லேசில்லை. அப்போது கண்ணாடி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் பாட்டிதான். பாட்டியிடம் பேசாத திட்டம் அங்கே ஓடாது. பள்ளிகளிலும் 1960-களிலிருந்து பாட்டுப் போட்டுக் கண்ணைச் சுற்றி அழுத்தும் பயிற்சி நடக்கிறது. அதைச் செய்தால் கண்ணாடியே வேண்டாம் என்று ஆசிரியர்களே சொல்லும்போது பாட்டியை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

மதிய உணவைப் பற்றி நீ எழுதியிருப்பது போதும். 2011-ல் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று யுவானில் தொடங்கிய அரசு உதவி 2021-ல் ஐந்தாயிற்று. நல்லது.

அப்புறம் பள்ளி இணைப்பு. 2001-க்குப் பிறகு பத்தே ஆண்டில் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் பாதியை மூடிவிட்டு, ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளை விடுதியில் தள்ளினார்கள். 2012-ல் அரசே கண்மூடித்தனமாக மூடாதே என்று நிறுத்த வேண்டியதாயிற்று. நூறு பேருக்குக் குறைந்த பள்ளிக்கும் நூறு பேர் கணக்கில் பணம் கொடுங்கள் என்கிற விதி எனக்குப் பிடித்திருக்கிறது. நம்மூரிலும் பிள்ளைகள் குறைவு என்று பள்ளியை மூடப் பார்க்கிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.

மிஞ்சிய சின்னப் பள்ளிகளில்தான் உன் வேலை இருக்கிறது. ஒரே அறை, மூன்று வகுப்பு, ஒரு ஆசிரியர். முதல் வகுப்பு வாய்விட்டுப் படிக்கும்போது மூன்றாம் வகுப்பு சத்தமில்லாமல் கணக்குப் போட வேண்டும். கணக்கு சீக்கிரம் முடிந்தால் கூச்சல், நீண்டால் பாடம் தேங்கும். இந்த நிமிடக் கணக்கை எந்த மண்டபத்திலும் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். சீனப் பள்ளிகளில் ஆசிரியர்கள் கூடிப் பாடம் தயாரிப்பதும் ஒருவர் வகுப்பை மற்றவர் உட்கார்ந்து பார்ப்பதும் பழைய வழக்கம். உலகமே அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது. ஆனால் தனி ஆள் யாரோடு கூடுவார்? சிச்சுவான் மாகாணத்தில் குவாங்யுவான் நகரத்துப் பக்கம் சிறு பள்ளிகள் 2014-ல் கூட்டமைப்பு வைத்துக்கொண்டன. போய்ப் பார்த்துவிட்டு வா. சீனக் கல்வியாளர் தாவ் ஷிங்ஷி 1927-ல் நான்ஜிங்குக்கு வெளியே கிராம ஆசிரியர் பள்ளி தொடங்கியபோதும் பயிற்சியை வயலோரம்தான் வைத்தார்.

ஆகவே பயிற்சிக்கு வைத்த பணத்தில் பாதியை எடுத்துவிடு. முதல் மாதம் கண் பரிசோதனை. பிறகு பக்கத்துப் பக்கத்து ஐந்து பள்ளி ஆசிரியர்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, யாராவது ஒருவருடைய வகுப்பறையில். பேருந்துக் கட்டணத்தையும், அவர்கள் வரும் நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்று ஆளையும் பட்ஜெட்டில் எழுது. இந்த மாற்று ஆள் விஷயத்தை எல்லோரும் மறப்பார்கள், நீ மறந்துவிடாதே.

திருத்திய படி வந்ததும் அனுப்பு. கேள்வித்தாளில் பாட்டிமாருக்கான பக்கத்தை நான் முதலில் பார்க்க வேண்டும். குளிர் அதிகம் என்றாய், அம்மா கம்பளி அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா