நீடர்டால் பாதையில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்து இன்றோடு 19 நாட்களாகின்றன. அதில் நீ இல்லை. கற்களை அடுக்கிக் கட்டிய அந்தக் கூர்முனைத் தூணும் அதற்குப் பின்னால் கொஞ்சம் பனியும் மட்டுமே இருந்தன. கீழே ஒரு சொல்கூட இல்லை. அம்மா தன் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து, இது யாருடைய சமாதி என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. டீசன்யோக், 3210 மீட்டர் உயரம். ஐயாயிரம் வருடங்களுக்கு மேல் பனிக்குள் கிடந்த ஓட்சி என்ற மனிதனைக் கண்டெடுத்த, ஆஸ்திரிய இத்தாலி எல்லை மலை. நீ பன்னிரண்டு வயதில் உன் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்த அதே இடம்.

அண்ணாவிடம் முகவரி வாங்கி, நீ இப்போது இருக்கும் ஃபென்ட் கிராமத்துக்கு இதை அனுப்புகிறேன். தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினால் நான் நினைப்பது ஒன்றாகவும் வாயில் வருவது வேறொன்றாகவும் போய்விடுகிறது என்பது உனக்கே தெரியும். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருந்தது, இப்போது பரவாயில்லை. பெரியம்மா வீட்டுக் கலியாணத்துக்குத் திகதி வைத்துவிட்டார்கள். அதையெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

நீ அங்கே தனியாக ஏறினாயா, யாரோடு ஏறினாய் என்று நான் கேட்கவில்லை. ஆனால் செப்டெம்பர் மாதத்தில் அந்த உயரத்தில் ஒரே இரவில் புதுப்பனி விழுந்து, பாறைகளில் பூசியிருக்கும் சிவப்பு வெள்ளைக் குறிகளை மூடிவிடும் என்பதை மறந்துவிடாதே. விடியும்போதே புறப்படு, மதியத்துக்கு மேல் வானம் எந்த நேரமும் மாறலாம். மார்ட்டின் புஷ் குடிலிலும் சிமிலவுன் குடிலிலும் வைத்திருக்கும் புத்தகத்தில் உன் பெயரையும், எந்தப் பக்கமாக இறங்கப்போகிறாய் என்பதையும் எழுதிவிட்டுப் போ. மலை மீட்புக் குழுவின் எண் 140. ஓட்சியை 1991 செப்டெம்பர் 19 அன்று தன் மனைவியோடு முதலில் கண்ட ஹெல்முட் சிமோன், மலையேறிப் பழகியவராக இருந்தும், 2004 அக்டோபரில் சால்ஸ்பூர்க் பகுதி மலையொன்றில் தனியாக நடக்கப்போய்த் திரும்பி வரவில்லை. ஒரு கிழமைக்கு மேல் சென்ற பிறகே உடலைக் கண்டெடுத்தார்கள். உன்னைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. குடில் புத்தகத்தில் பெயரை எழுது, அவ்வளவுதான்.

உன் படம் வந்த மறுநாளே நூலகத்துக்குப் போய் ஓட்சியைப் பற்றிய இரண்டு ஜெர்மன் புத்தகங்களை எடுத்துவந்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இரவுச் சாப்பாட்டில் அவனைப் பற்றி நீ சொல்வதற்கெல்லாம் நான் தலையாட்டினேனே தவிர ஒன்றையும் மனதில் வாங்கவில்லை. அவனுடைய செப்புக் கோடரியைப் பற்றியும், காய்ந்த புல்லை அடைத்த சப்பாத்தைப் பற்றியும், மேப்பிள் இலையில் பொதிந்து தணல் கொண்டுபோன மரப்பட்டைப் பேணியைப் பற்றியும் ஒரு குறிப்பும் பார்க்காமல் நீ வகுப்பில் பேசினாய் என்று உன் ஆசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது, நான் வேலைத்தலத்தில் எல்லோரிடமும் அதைச் சொல்லித் திரிந்தேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.

இப்போது வாசிக்கும்போது எனக்குக் கோடரியை விட வேறொன்றுதான் பெரிதாகத் தெரிகிறது. அவனுடைய குடலில் இருந்த மகரந்தத்தை அடுக்கடுக்காகப் பார்த்து, அவனுடைய கடைசி 33 மணித்தியாலப் பயணத்தை ஆராய்ச்சியாளர்கள் கணித்திருக்கிறார்கள். முதலில் மர எல்லைக்குப் பக்கத்தில் உயரத்தில் இருந்திருக்கிறான். பிறகு கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கி வந்திருக்கிறான். தெற்குப் பக்கத்து வெப்பமான சரிவுகளில் மட்டும் வளரும், ஹொப்பன்பூகே என்று இங்கே சொல்லும் மரத்தின் மகரந்தம் அதற்குச் சாட்சி. அது இளவேனிலில் பூக்கும் மரம். அதன் பிறகு மறுபடியும் ஏறி, 3200 மீட்டருக்கு மேலே போயிருக்கிறான். வலது கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஆழமான வெட்டு. ஆறத் தொடங்கிய, சில நாள் முந்திய காயம். அவன் கொண்டுபோன வில் முழுதாகச் செதுக்கப்படவில்லை. அம்புக்கூட்டில் இருந்த 14 அம்புகளில் இரண்டுதான் எய்வதற்குத் தயாராக இருந்தன.

இதையெல்லாம் இரவில் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கீழே இறங்கி வந்தவன் ஆயத்தம் ஒன்றுமில்லாமல், காயப்பட்ட கையோடு, ஏன் மறுபடியும் ஏறினான்? பள்ளத்தாக்கில் அவனுக்கு ஆட்கள் இருந்திருக்க வேண்டும். அவனுடைய இடுப்புக்கு மேலே முதுகிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் கரி தேய்த்துக் குத்திய கோடுகள் இருக்கின்றன. மூட்டுத் தேய்ந்து வலித்த இடங்களில்தான் பெரும்பாலும் அவை இருக்கின்றன. முதுகில் ஒருவன் தானே குத்திக்கொள்ள முடியாது. யாரோ பக்கத்தில் இருந்து, எங்கே நோகிறது என்று கேட்டுக் கேட்டுச் செய்திருக்கிறார்கள்.

ஜூலையில் நீ இரண்டு பெரிய பைகளோடு வந்தாய். ஒரு கிழமை நின்றுவிட்டுப் போக வருகிறவள் குளிர்காலச் சட்டைகளைக் கொண்டு வரமாட்டாள் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் அதே இரண்டு பைகளோடு போய்விட்டாய். அவர் இரண்டு தரம் தொலைபேசி எடுத்தார், அம்மாதான் கதைத்தார். நான் அது பற்றி இங்கே எழுத வரவில்லை. ஒரு சொல்லாவது அனுப்பியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். படம் எடுக்க நேரம் இருந்தவளுக்கு, சுகமாக இருக்கிறேன் என்று இரண்டு சொல் எழுத நேரம் இருந்திருக்கும்.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க மேசையிலேயே விட்டுவைத்தேன். கிழித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் புத்தகத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவனைக் கண்டெடுத்துப் பத்து வருடங்கள் எத்தனையோ நிபுணர்கள் பார்த்தார்கள், அளந்தார்கள். குளிரில் உறைந்து செத்தான் என்று பலர் நம்பினார்கள். 2001இல்தான் இடது தோளுக்குள் கல் அம்புமுனை ஒன்று கிடப்பதைக் கதிர்ப்படத்தில் கண்டார்கள். பின்னாலிருந்து எய்த அம்பு. காயம் முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது, சுற்றி நின்றவர்கள்தான் காணவில்லை. இந்தப் பக்கத்தை வாசித்த பிறகு என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும்.

2006 கோடையில் நாம் இரண்டு பேரும் ரயிலில் ஆர்ல்பெர்க் வழியாகப் போய், ஓட்ஸ்டால் நிலையத்தில் இறங்கி, பஸ்ஸில் சோல்டன் தாண்டி ஃபென்ட்டுக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். அடுத்த நாள் காலையில் 1895 மீட்டரில் இருந்து நீடர்டால் வழியாக ஏறத் தொடங்கினோம். நீ முன்னால் போனாய். பாதையோரத்தில் இருந்த அந்தப் பெரிய பாறைக்குக் கீழே, ஹோலர் ஸ்டைன் என்ற அந்த இடத்தில், குனிந்து நுழைந்து உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். ஏறக்குறைய 9500 வருடங்களுக்கு முன்பு, ஓட்சிக்கும் எவ்வளவோ முந்தி, வேட்டைக்காரர்கள் இதே பாறை ஒதுக்கில்தான் தங்கினார்கள் என்று நீ எனக்குச் சொல்லித் தந்தாய். 2501 மீட்டரில் இருக்கும் மார்ட்டின் புஷ் குடில் வரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை. அதைத் தாண்டிப் பனியாறு கொண்டுவந்து குவித்த கல்மேட்டில், ஒரு பக்கம் நிலம் சரிந்து கீழே ஓடைச் சத்தம் மட்டும் கேட்கும் அந்த இடத்தில், என் கால்கள் நடுங்கத் தொடங்கின. உணவகக் குசினியில் எத்தனையோ வருடம் நின்று பழகிய கால்கள் அடுத்த அடியை வைக்க மறுத்தன. நான் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ திரும்பிப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்து, உன் முகம் வெளுத்துப்போய் இருக்கிறது, உன்னால் இனி ஏலாது, திரும்பிப் போவோம் என்று சொன்னேன்.

உன் முகம் வெளுக்கவில்லை, பிள்ளை. உனக்கு மூச்சு வாங்கக்கூட இல்லை. என்னால் ஏலும் அப்பா, என்னால் ஏலும் என்று நீ அழுதுகொண்டே இறங்கினாய்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். பிறகு சின்ன மாமா வீட்டில், கோயில் திருவிழாவில், அண்ணாவின் கலியாணத்தில், ஆட்கள் சிரிக்கிறார்கள் என்பதற்காக அதே கதையைச் சொன்னேன்: பாதியில் கால் ஏலாமல் திரும்பிவிட்டாள், தொடங்குவதை முடிக்கமாட்டாள். நீ மறுத்துச் சொன்னதே இல்லை. கொஞ்சக் காலத்தில் நீயும் அதை நம்பிவிட்டாய் என்று நினைக்கிறேன். இந்த ஜூலையில் அன்று இரவு மேசையில் நான் உன்னைக் கேட்டதும் அதே வாக்கியம்தான். எதைத்தான் நீ தொடங்கி முடித்திருக்கிறாய் என்று கேட்டேன். நீ கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு உன் அறைக்குப் போனாய். அந்த வாக்கியத்தின் அடியில் இருந்தது என் பயம், உன்னுடைய கால் அல்ல.

அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். சின்ன மாமாவுக்கும் சொல்வேன்.

செப்டெம்பர் நடுவில், தெற்குப் பக்கத்து ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஜூன் மாதம் கணவாய்களைக் கடந்து உங்கள் பக்கம் மேய வந்த ஆடுகளைத் திரும்ப ஓட்டிப்போவார்கள் அல்லவா? 1919இல் எல்லை போட்டு அந்தப் பக்கத்தை இத்தாலியோடு சேர்த்த பிறகும், அந்த மேய்ச்சல் உரிமையை இன்னும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கிழமையில் நான் ஃபென்ட்டுக்கு வருகிறேன். சப்பாத்து வாங்கிவிட்டேன். பழகுவதற்காகக் காலையில் குர்ட்டன் குன்றுக்கு நடந்து ஏறுகிறேன். டீசன்யோக்குக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகும்படி உன்னைக் கேட்கமாட்டேன். அந்தக் கல்மேட்டில் என் கால் இன்னும் நடுங்கும் என்றுதான் நினைக்கிறேன். ஹோலர் ஸ்டைன் வரைக்கும் வருவேன். சனிக்கிழமை பத்து மணியிலிருந்து அந்தப் பாறைக்குக் கீழே இருப்பேன். அம்மா பாணும் சம்பலும் கட்டித்தருவார்.

உனக்கு வரவேண்டும் போல் இருந்தால் வா. வரவில்லையென்றால், பின்னேர பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன், அதற்காக எனக்குக் கோபம் இராது. அதற்கு முன்னர் மேலே போவதாக இருந்தால் விடியும்போதே புறப்படு. குடில் புத்தகத்தில் பெயரை எழுது.

அன்புடன்,
அப்பா