பழையது இருந்த இடம்

கால்கரி,
தை 12.

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலமாக இருக்கிறேன். அங்கே நீங்களும் அத்தையும் அம்மாவும் நலந்தானே? போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, "சோடா ஐஸாகிப் போகிறது என்கிறாயே, சில்லென்று இருந்தால் நல்லதுதானே, அதற்கு எதற்கு உன்னைக் கூப்பிடுகிறார்கள்?" என்று அத்தை கேட்டார். உங்களுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. எனக்கோ மாலை ஆறு மணி. பனியில் வண்டி ஓட்டி வந்த களைப்பில் சரியாகப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அந்த வேலையில் பாதியை உங்களிடம் கற்றதைக் கொண்டு செய்தேன், மீதிப் பாதியில் உங்களிடம் கற்றதாலேயே தடுமாறினேன். ஆகவே முழுவதையும் உங்களுக்கு எழுதிவிடுவதுதான் முறை.

முதலில் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். கால்கரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,045 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடுகிறது. உயரத்தில் எங்கள் மலைதான் பெரியது என்று உடன் வேலை செய்பவர்களிடம் அவ்வப்போது சொல்லிக்கொள்வேன். ஆனால் மார்கழியில் ஏரிக்கரையில் நாம் ஸ்வெட்டருக்குள் கையை ஒடுக்கிக்கொண்டு நிற்போமே, அந்தக் குளிர் இங்கே சித்திரை மாதத்து நல்ல வெயில் நாளுக்குச் சமம். நான் சொல்லப்போகும் வாரத்தில் வெளியே சுழியத்துக்குக் கீழே 27 டிகிரி. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைவது தெரியும். ஆனால் கட்டடங்களுக்குள்ளே எந்த நாளும் ஹீட்டர் ஓடும், 20 டிகிரி இருக்கும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் வேலை பார்ப்பது சிறிய இடம். மொத்தமே மூன்று வண்டிகள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் விளையாட்டரங்குகளிலும் காசு போட்டால் சோடா தரும் இயந்திரங்கள் நிற்கின்றன, அவற்றைப் பழுது பார்க்கிறோம். ஒரு டாலர் நாணயத்தில் லூன் என்ற நீர்ப்பறவை இருப்பதால் அதை லூனி என்கிறார்கள். 1996-இல் இரண்டு டாலர் நாணயம் வந்தபோது அதற்கு டூனி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பை நிறைய அதுதான். இயந்திரம் என்று பெரிதாகச் சொன்னாலும் அது நம் ஊர்க் கடைகளில் குளிர்பானம் வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டியான விசி கூலரேதான். காசு வாங்கும் பெட்டியும், கேனைத் தள்ளிவிடும் மோட்டாரும் கூடுதல். கண்ணாடிக் கதவு கிடையாது. மின்சாரம் 230 வோல்ட் இல்லை, 120. மற்றபடி கம்ப்ரஸர், கண்டென்சர், கேப்பிலரி, கூலிங் காயில் என்று அம்மாப்பேட்டைக் கடையின் தரையில் நீங்கள் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டிய, குளிரவைக்கும் கேஸ் ஓடும் வட்டம் இங்கேயும் அதே வட்டமாகத்தான் சுற்றுகிறது.

புகார் வந்தது ஐஸ் ஹாக்கி அரங்கம் ஒன்றிலிருந்து. அந்த இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும், மாமா. கால்பந்துத் திடலில் பாதி அளவுக்கும் குறைவான தரை முழுவதும் ஐஸ்; அதன் அடியில் வரிசை வரிசையாகக் குழாய்கள், குழாய்களுக்குள் குளிர்ந்த உப்புநீர், அதைக் குளிரவைக்கப் பின்கட்டில் அம்மோனியா கம்ப்ரஸர். நம் ஊர் ஐஸ் பேக்டரியில் உப்புநீர்த் தொட்டிக்குள் டப்பாக்களை இறக்கிப் பார் ஐஸ் எடுப்பதும் இதே முறைதான் என்று அரங்கத்துப் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வெயில் ஊரில் ஐஸ் எதற்கு என்பது போலப் பார்த்தார். வெயில் ஊரில்தானே ஐஸ் வேண்டும்!

சோடா இயந்திரம் நின்றது ஐஸ் தரைக்கு வெளியே, பெற்றோர் உட்காரும் கூடத்தில். சர்க்கரை இல்லாத டயட் கேன்கள் உறைந்து, மூடியும் அடியும் புடைத்து, இரண்டு வெடித்து உள்ளே ஒழுகியிருந்தன. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும் என்பதால் கேன் தாங்குவதில்லை. சர்க்கரை போட்ட கேன்கள் மட்டும் உறையாமல் இருந்தன. பொறுப்பாளர் இதைக் கண்டு, டயட் கேன்கள் வந்த பெட்டியே கெட்டது என்று முடிவு செய்திருந்தார். உண்மையில் 355 மில்லி கேனில் ஏறக்குறைய 40 கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. டயட்டில் கலக்கும் இனிப்பூட்டி ஒரு கிராம்கூட வராது. உப்புப் போட்ட தண்ணீர் தாமதமாக உறைவது போலச் சர்க்கரைத் தண்ணீரும் ஏறத்தாழ ஒரு டிகிரி கீழே போன பிறகே உறையும். ஆகவே டயட் கேன் உறைந்தால் அந்தக் கேனில் குறை தேடக் கூடாது. பெட்டிக்குள் சூடு சுழியத்துக்குக் கீழே இறங்கியதை அதுதான் முதலில் சொல்கிறது.

சர்க்கரைக் கேன்களும் தப்பித்துவிடவில்லை. என் கண்ணெதிரே ஒரு சிறுவன் கேன் ஒன்றை எடுத்தான். ஆட்டிப் பார்த்தபோது தண்ணீராகத்தான் குலுங்கியது. திறந்ததும் புஸ் என்று காற்று போன அந்த நொடியில் உள்ளே முழுவதும் பஞ்சு பஞ்சாக ஐஸ் கட்டியது. உறைய வேண்டிய குளிருக்குக் கீழே போயும் உறையாமல் அசையாது கிடந்த சோடாவில் குமிழிகள் கிளம்பியதும், அவற்றைப் பற்றிக்கொண்டு ஐஸ் படர்ந்துவிடுகிறது. அவனுக்கு ஒரே குதூகலம். மூன்று நண்பர்களைக் கூட்டிவந்து அதே பொத்தானை அழுத்தச் சொன்னான்.

எனக்கு முன்னால் வந்து பார்த்தவர், குளிர் போதுமானதும் கம்ப்ரஸரை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் குமிழை இரண்டு முறை குறைத்து வைத்துவிட்டு, பலன் இல்லாததால் கேஸ் குறைந்திருக்கும், நிரப்ப வேண்டும் என்று எழுதிவைத்துப் போயிருந்தார். கேஸ் குறைந்தாலும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடத்தான் செய்யும். ஆனால் அப்போது காயிலின் தொடக்கத்தில் மட்டும் வெள்ளை பிடிக்கும், சோடா வெதுவெதுப்பாக இருக்கும், உறையாது. இதை நீங்கள் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! இன்னொன்று, இங்கே கேஸ் குழாயைத் திறப்பதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும், எனக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. சிலிண்டரைத் தொட முடியாது என்பதே ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. கண்ணால் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அப்படியிருந்தும் நான் சரியாகப் பார்க்கவில்லை. அடித்தட்டுக் காற்றை அளந்தேன்; சுழியத்துக்குக் கீழே 3 டிகிரி. அடுத்து விழப்போகிற கேன்கள் கீழே இருக்கும் என்பதால் ஃபேன் குளிரை அங்கேதான் வீசும். ஆகவே கேடு வந்தாலும் அங்கேதான் முதலில் வரும். குமிழைக் கடைசிவரை குறைத்துப் பார்த்தேன், கம்ப்ரஸர் நிற்கவில்லை. உடனே எனக்கு ஏற்காட்டு வேலை நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு மார்கழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறி, ஏரிப் பக்கத்துக் கடைக்காரரின் விசி கூலரைப் பார்க்கப் போனோமே. மலைக்குளிரால்தான் பாட்டில் உறைகிறது என்று அவர் சாதித்தார். நீங்கள் தெர்மோஸ்டாட்டை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒரு தட்டுத் தட்டியதும் கம்ப்ரஸர் நின்றது. உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கேயும் அதேதான் என்று நான் தீர்மானித்துவிட்டேன். வண்டியிலிருந்து புதிய தெர்மோஸ்டாட்டை எடுத்து மாட்டி, பழையதன் பல்பு, அதாவது குளிரை உணரும் அதன் முனை, எங்கே கிடந்ததோ அங்கேயே புதியதன் பல்பையும் செருகிவிட்டு வந்தேன். ஏற்காட்டில் நீங்கள் தட்டுவதற்கு முன்னால் குமிழை முழுவதும் ஆஃப் செய்தும் கம்ப்ரஸர் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டீர்கள் என்பது அப்போது என் நினைவில் இல்லை. நினைவில் நின்றது அந்தத் தட்டு மட்டும்.

மூன்றாம் நாள் மறுபடி அழைப்பு. இன்னும் நான்கு கேன்கள் வெடித்திருந்தன. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தெர்மோஸ்டாட்டின் விலையைக் கணக்குப் புத்தகத்தில் அவர் எழுதிய விதமே போதுமானதாக இருந்தது.

இந்த முறை வண்டியில் கிடந்த பழைய தெர்மோஸ்டாட்டை முதலில் சோதித்தேன். ஐஸுக்கு அங்கே பஞ்சமில்லை. ஒரு குவளையில் ஐஸைப் பொடித்து உப்புப் போட்டு, பல்பை அதற்குள் வைத்து, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பிடித்தேன். அரை நிமிடத்தில் டிக் என்று காண்டாக்ட் திறந்தது. வெளியே எடுத்து உள்ளங்கையில் பிடித்ததும் மறுபடி டிக். ஒரு குற்றமும் இல்லாத பொருளைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். புதியதன் குமிழை முழுவதும் ஆஃப் செய்தேன். கம்ப்ரஸர் உடனே நின்றது. ஆக, தெர்மோஸ்டாட் சொன்னபடி கேட்கிறது, கம்ப்ரஸரும் சொன்னபடி கேட்கிறது. அப்படியானால் குளிர்ந்துவிட்டது என்ற செய்தியே தெர்மோஸ்டாட்டுக்கு வந்து சேரவில்லை.

கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தைத் துடைத்துவிட்டு அப்போதுதான் படித்தேன். பெட்டிக்குள் சுற்றிவிட்டுக் காயிலுக்குத் திரும்புகிற காற்று படும்படி, ஃபேன் தகட்டின் பக்கவாட்டில் ஒரு கிளிப், அதில் பல்பு என்று போட்டிருந்தது. கிளிப் உடைந்து பாதி நின்றது. எப்போதோ காயிலைக் கழுவிய யாரோ ஒருவர் பல்பை எடுத்து ஓரமாகப் போட்டிருக்க வேண்டும். அது நழுவிக் கதவின் கீழ் மூலைக்கு வந்திருக்கிறது. அந்த மூலையில்தான் கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் பட்டையான கேஸ்கெட் நான்கு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கூடத்தின் 20 டிகிரிக் காற்று அந்தக் கிழிசல் வழியாக நேரே பல்பின்மேல் பட்டுக்கொண்டிருந்தது. பல்புக்குள் இருக்கும் வாயு அந்தச் சூட்டில் விரிந்தே இருக்கிறது, காண்டாக்ட் மூடியே இருக்கிறது, உள்ளே சோடா பாறையாகிக்கொண்டிருக்க, இன்னும் சூடு குறையவில்லை என்று தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை விரட்டிக்கொண்டிருக்கிறது. குமிழை எவ்வளவு குறைத்தாலும் பலன் இல்லாத காரணமும் அதுதான். வெளியே 27 டிகிரிக் குளிர் என்று எல்லோரும் ஊரின் குளிரைக் குற்றம் சொன்னார்கள். சோடாவை உறைய வைத்ததோ ஹீட்டரின் சூடு. இதைப் பொறுப்பாளருக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கம்ப்ரஸர் ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் காயிலில் பிடித்த பனி உருகி வடியும். ஓய்வே இல்லாததால் காயிலில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் மூடியிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து, நான்கு மணி நேரம் காத்திருந்தேன். முக்கால் வாளித் தண்ணீர் வந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்திவிட்டால் அரை மணியில் முடிந்துவிடும் என்று உடன் வந்தவர் சொன்னார். செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் நான் அப்படிக் குத்தி, காயிலில் ஓட்டை விழுந்து, உஸ் என்று கேஸ் முழுவதும் போன சத்தமும், கடைக்காரர் முன்னால் நீங்கள் ஒன்றும் பேசாமல் நின்றதும் எனக்கு மறக்குமா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

புதிய கேஸ்கெட் மடிப்புடன் வந்தது. முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி நேராக்கிப் பொருத்தினேன். பொருந்தியதா என்று பார்க்க, நீங்கள் செய்வது போலக் கதவிடுக்கில் நோட்டை வைத்து இழுத்தேன். எல்லாப் பக்கமும் வழுக்கிக்கொண்டு வந்தது. கேஸ்கெட்டே தப்போ என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, இந்த நாட்டு நோட்டு பிளாஸ்டிக், எங்கேயும் பிடிக்காது. பர்ஸில் சாமி படத்தோடு வைத்திருந்த நம் பத்து ரூபாய்த் தாளை எடுத்து வைத்தேன், நன்றாகக் கவ்வியது.

புதிய கிளிப் போட்டு, படத்தில் இருந்த இடத்திலேயே பல்பை மாட்டினேன். தெர்மாமீட்டரைக் காற்றில் தொங்கவிடாமல், தண்ணீர் நிரப்பிய கேனுக்குள் போட்டு அடித்தட்டில் வைத்துவிட்டு வந்தேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் காற்றின் சூடு துள்ளும், தண்ணீர் துள்ளாது. மறுநாள் போய்ப் பார்த்தபோது 3 டிகிரி. கம்ப்ரஸர் ஒன்பது நிமிடம் ஓடிவிட்டு நின்றது. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே கூடத்து நாற்காலியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அந்தச் சிறுவன் வந்தான். காசைப் போட்டு, கேனை எடுத்து, நண்பர்கள் சூழத் திறந்தான். சோடாதான் வந்தது. என் சட்டையில் இருந்த பெயரையும் கையில் இருந்த பையையும் பார்த்துவிட்டு, "நீங்கள்தான் இதைக் கெடுத்ததா?" என்று கேட்டான்.

அத்தையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் கேட்ட கேள்வியைத்தான் அவனும் கேட்டிருக்கிறான். பங்குனிக்குள் சான்றிதழ்த் தேர்வு எழுதிவிடுவேன். காயிலுக்குப் பின்னால் பார்ப்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் நீளக் கைப்பிடிக் கண்ணாடியைப் போல ஒன்று, அடுத்து யாராவது இங்கே வந்தால் கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைப்பவற்றின் கைப்பிடி குட்டையாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்.