இரண்டாவது டிக்கெட்

நகுரு,
கென்யா,
நவம்பர் 9

அன்புள்ள வித்யாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, சொட்டு மருந்து மட்டும் தொடர்கிறது. தண்ணீர்த் தொட்டியை மாற்றியாயிற்று. பக்கத்து வீட்டு வழக்கு எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது.

உன் செய்தி வந்தது. அம்மா கண்ணில் மருந்து விட்டிருந்ததால் நான்தான் படித்துக் காட்டினேன். டிசம்பர் கடைசி வாரம் வருகிறாய், நகுரு ஏரிக்குப் போக வேண்டும், மகாலியா அருவிப் பக்கம் ஓர் இரவு கூடாரத்தில் தங்க வேண்டும், எங்களுடையது போக இரண்டு டிக்கெட் எடுத்து வைக்க வேண்டும். "இன்னொரு தடவை படியுங்கள்" என்றாள். படித்தேன். "சரி, கேட்டபடி எடுத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் டிக்கெட்டை நான்தானே எடுக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

முன்னைப் போல பூங்கா வாயிலில் ஷில்லிங்கை எண்ணி நீட்டி, காவலரிடம் குசலம் விசாரித்துவிட்டு உள்ளே போகிற காலம் முடிந்துவிட்டது. ரொக்கம் வாங்குவதில்லை. அரசாங்கத்தின் ஈ-சிட்டிசன் தளத்தில்தான் கட்ட வேண்டும். இந்த நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு கட்டணம், இங்கே குடியிருக்கும் வெளிநாட்டவருக்கு ஒன்று, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. நானும் அம்மாவும் குடியிருப்பவர்கள். நகுருவிலேயே பிறந்து இந்தப் புழுதியில் வளர்ந்த நீ, அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கிய நாளிலிருந்து வெளியிலிருந்து வருகிறவள். டாலரில் கட்ட வேண்டும். குறையாகச் சொல்லவில்லை. அதற்காக நீ என்ன பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். என் மகள் இங்கிலாந்தின் லீட்ஸில் ஊருக்கே குடிநீரைச் சோதித்துச் சொல்கிறவள் என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இருந்தாலும் பிறந்த ஊர் ஏரியைப் பார்க்க டாலர் என்பது மனத்துக்கு ஒட்டவில்லை.

உன் வகை தெரிந்துவிட்டது. இரண்டாவது டிக்கெட் எந்த வகை? அதுதான் எனக்கு வேண்டியது, வேறொன்றுமில்லை. வாயிலில் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ கேட்பார்கள். காலமெல்லாம் கணக்கு எழுதியவன் தப்பான தலைப்பில் பணம் கட்டிவிட்டு அங்கே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது.

வருகிறவரிடம் ஏரியைப் பற்றி நீ என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாயோ. கரையெல்லாம் குங்குமம் கொட்டியது போல இருக்கும் என்று சொல்லியிருந்தால் இப்போதே திருத்திவிடு. பூநாரைகள் பத்து லட்சத்தைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. நீ பள்ளி வனவிலங்கு மன்றத்தோடு போய் எண்ணத் தொடங்கி, முடியாமல், நோட்டில் "இன்னும் இருக்கின்றன" என்று எழுதி வந்தாயே, அந்த ஏரி இல்லை இது. 2010க்குப் பிறகு தண்ணீர் ஏறத் தொடங்கி, பரப்பு பாதிக்கு மேல் பெருத்துவிட்டது. வெளியேற வழியில்லாத ஏரி, ஞோரோ ஆறும் மகாலியாவும் ந்தெரிட்டும் கொண்டுவந்து கொட்டுவதெல்லாம் இங்கேயே தங்குகிறது. மழை கூடிவிட்டது என்கிறார்கள், மாவ் காட்டை வெட்டியதால் வண்டல் அடித்து வருகிறது என்கிறார்கள், பூமிக்கடியில் அசைவு என்பவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் உன் தொழில், நீ வந்து தீர்ப்புச் சொல். நல்ல தண்ணீர் கலந்து காரத்தன்மை குறைந்தது, அதனால் ஸ்பைருலினா பாசி குறைந்தது, தீனி குறைந்ததும் பறவைகள் பொகோரியா, எல்மென்டெய்ட்டா ஏரிகளுக்குப் போய்விட்டன. சில பருவங்களில் கொஞ்சம் திரும்பி வருகின்றன. எப்போது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை, அவை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

பழைய பெரிய வாயில், அலுவலகம், நாம் வண்டியை நிறுத்தும் கரையோரச் சாலை எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. புது வாயிலை மேட்டில் கட்டியிருக்கிறார்கள். ம்வாரிகிப் பக்கம் வீடுகளும் மூழ்கின. அம்மாவுக்குக் கீரை கொண்டுவரும் பெண்மணி இப்போது தங்கை வீட்டில்தான் இருக்கிறாள். மஞ்சள்பட்டை வேலமரங்கள் வேரில் தண்ணீர் நின்று பட்டுப்போய்விட்டன. அந்தக் கிளைகளில் நீர்க்காகங்கள் கூடு கட்டி, எச்சத்தால் மரமே வெளுத்துக் கிடக்கிறது. கூழைக்கடாக்கள் நிறைய உண்டு. 1960 வாக்கில் கொசுவைக் கட்டுப்படுத்த மகாடி ஏரியிலிருந்து சின்ன மீனைக் கொண்டுவந்து விட்டார்களே, அந்த மீனுக்காக வந்து சேர்ந்தவை. ஆகவே பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். பார்க்கிறவருக்குப் பொறுமை இருக்க வேண்டும். இருக்கிறதா என்பது உனக்குத்தான் தெரியும்.

காண்டாமிருகம் நிச்சயம் கிடைக்கும். 1987இல் வேலி போட்டு அவற்றுக்குச் சரணாலயம் ஆக்கியது வீண் போகவில்லை. கூட வருகிறவருக்கு நீயே விளக்கிச் சொல்: வெள்ளை என்பது நிறத்தில் இல்லை, வாயில் இருக்கிறது, அகல வாயோடு தலையைக் குனிந்து புல் மேய்வது வெள்ளை, கூம்பிய உதட்டால் புதரில் இலை பறிப்பது கறுப்பு. கறுப்புக்குக் கோபம் சீக்கிரம் வரும். வெள்ளையில் குட்டி முன்னே ஓடும், தாய் பின்னாலேயே போகும். கறுப்பில் தாய் முன்னே, குட்டி பின்னே. போன மாதம் வண்டி ஓட்டும் காமாவ் எங்களைக் கூட்டிப்போனபோது இதைச் சொல்லிவிட்டு, "உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேட்டான். அம்மா சிரித்துவிட்டாள். நான் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

யானை கிடையாது. அவர் யானைக்காகத்தான் ஆப்பிரிக்கா வருகிறார் என்றால் அம்போசெலிக்குப் போக வேண்டும். ரோத்ஸ்சைல்டு ஒட்டகச்சிவிங்கி உண்டு, வேலமரத்தில் ஏறிப் படுக்கும் சிங்கமும் அதிர்ஷ்டம் இருந்தால் உண்டு, கிழக்குப் பக்கம் கள்ளிமரக் காடு உண்டு. கள்ளியை ஒடிக்க வேண்டாம், பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

பபூன் கிளிஃப் மேலே ஏறினால் ஏரி முழுவதும் தெரியும். அங்கே சாப்பாட்டுப் பையைத் திறக்காதே. கார்க் கதவு பூட்டியிருக்கட்டும், கண்ணாடி ஏறியிருக்கட்டும். அந்தக் குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும். சித்தப்பா செய்ததைச் செய்யாதே, கூட வருகிறவரையும் செய்ய விடாதே. கண்ணாடி ஏறியிருக்கட்டும்.

இனி கூடாரம். மகாலியா முகாம் வேலி இல்லாத இடம். காட்டெருமை தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம்தான் வரும். நாம் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறோம், இரவில் குளிர் எலும்பைத் தொடும் என்பதை லீட்ஸ்காரி மறந்திருக்க மாட்டாய். காவலுக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிடுகிறேன், அதில் பேரம் வேண்டாம். கூடாரம் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் ஒன்றா இரண்டா என்று கேட்டான். நான் இரண்டு என்றேன். பிறகு யோசித்துவிட்டு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாங்கள் தங்கப்போவதில்லை, ஆறு மணிக்கு வாயில் அடைப்பதற்குள் வீடு திரும்பிவிடுவோம், ஆகவே எங்களுக்கு வேண்டாம். உங்களுக்கு எத்தனை? இரண்டு எடுத்தால் சாமான் வைக்கவும் இடமிருக்கும். கடைக்காரன் முன்பணம் கேட்கிறான். நீலக் கூடாரம் பரணில் இருக்கிறது, அதை எடுக்கச் சொல்லாதே, ஏன் என்று உனக்கே தெரியும்.

வீட்டில் உன் அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். என் கணக்குப் புத்தகங்களை வராந்தாவுக்கு மாற்றிவிட்டேன். விருந்தினர் அறையிலும் மெத்தை போட்டாயிற்று. இரண்டும் தயார்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இப்போதெல்லாம் மழையிலும் வெயிலிலுமே முடிந்துவிடுகிறது. உனக்கு வேலை அதிகம், தெரிகிறது. மாமா மகள் கல்யாணத்துக்கு விடுப்பு கிடைக்கவில்லை, ஏரிக்குக் கிடைத்துவிட்டது, அதுவும் நல்லதுதான். நீ பேசும்போது பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. முதலில் தொலைக்காட்சி என்று நினைத்தேன். அம்மாதான், "குழாயை மூடிவிட்டுச் சோப்புப் போடுகிற ஆள், சிக்கனக்காரர்" என்றாள். அவளுக்குக் கண்ணில்தான் குறை, காதில் இல்லை.

கோயம்புத்தூர் அத்தை இன்னும் இரண்டு ஜாதகம் அனுப்பியிருக்கிறாள். இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பதில் எழுதவில்லை. எழுதட்டுமா, வேண்டாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டேன்.

வண்டி விஷயம். காமாவின் ப்ராபாக்ஸ் கார் நைரோபி விமான நிலையத்துக்கு வரும். மறுநாள் ஏரிக்கு அது சரிப்படாது, மழை விடாவிட்டால் தெற்குப் பக்கம் சேறு டயரை விழுங்கிவிடும். கூரை திறக்கும் பெரிய வண்டி ஒன்று சொல்லியிருக்கிறேன். நைரோபியிலிருந்து 160 கிலோமீட்டர்தான், ஆனால் கிறிஸ்துமஸ் நெரிசலில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் வர வேண்டும். இரவில் வர வேண்டாம். விமானம் மாலையில் இறங்கினால் நைரோபியிலேயே தங்கிவிட்டுக் காலையில் புறப்படுங்கள். மாய் மாஹியு இறக்கத்தில், போர்க்கைதிகளாக இருந்த இத்தாலியர்கள் கட்டிய சின்னஞ்சிறு தேவாலயம் இருக்கிறது, காட்டு. அவர் அந்த மதம் என்றால் உள்ளே போய்ப் பார்க்கட்டும், இல்லாவிட்டாலும் பார்க்கட்டும். இரவில் மட்டும் அந்த இறக்கத்தில் வர வேண்டாம்.

சைக்கிள் ஓட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். நகுருப் பூங்காவில் இறங்கி நடக்கவே கூடாது, காட்சி முனைகளிலும் முகாமிலும் தவிர. சைக்கிளுக்கு நைவாஷா பக்கம் ஹெல்ஸ் கேட் இருக்கிறது, வரிக்குதிரைகளுக்கு நடுவே ஓட்டலாம். நைவாஷா ஏரியில் படகும் உண்டு. நீர்யானை இருக்கும் ஏரி, படகோட்டி சொல்வதைக் கேட்க வேண்டும். நடக்க ஆசையென்றால் மெனெங்காய் எரிமலை வாய் நம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, விளிம்பு வரை நான் கூட வருவேன். அவருக்கு முட்டியில் ஏதும் தொந்தரவு இல்லையே? வயது என்ன என்று கேட்பதாக நினைக்காதே. ஏற்றம் செங்குத்து, அதற்காகக் கேட்கிறேன்.

பைனாகுலர் ஒன்றுதான் இருக்கிறது. வலது கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருந்ததை நைரோபியில் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கிவிட்டேன். அது உனக்கு. அவர் தமக்கு ஒன்று கொண்டுவரட்டும்.

மொத்தத்தில் எனக்கு வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், நாடு, கூடாரம் எத்தனை. சீக்கிரம் அனுப்பினால் நல்லது. டிசம்பரில் அந்தத் தளம் அடிக்கடி படுத்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரவில் பயணம் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா

வித்யா, அம்மா எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருந்தால் கண்ணை நினைத்துப் பொறுத்துக்கொள். அப்பா கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். நடுவில் ஒரு பக்கத்தை மிகவும் வேகமாகப் புரட்டினார், அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை, நீ பொருட்படுத்தாதே. டிக்கெட் எந்த வகையானாலும் கட்டிவிடுவார், திட்டிக்கொண்டே கட்டுவார். பெயரை மட்டும் எனக்கு முதலில் அனுப்பு. காரம் தாங்குவாரா? முட்டை சேர்ப்பாரா? புளியோதரைக்குப் புளி ஊறப்போடுவதற்கு முன்னால் தெரிய வேண்டும்.