குடிகெடுத்தவள் என்று யாரைச் சொல்கிறோம்?

திருகோணமலை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் அக்காமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

"அவள்தான் அந்தக் குடியைக் கெடுத்தவள்." கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. கலியாணம் கட்டிய ஒருவனோடு தொடர்பு வைத்த பெண்ணைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருத்தியைச் சீட்டிலிருந்து நிறுத்தியது இதைச் சொல்லித்தான். கட்டிய காசைக் கையில் கொடுத்து, இனி வர வேண்டாம் என்றார்கள். அவளுடைய மகள் ரியூசனில் வந்து இருந்தால் பக்கத்துப் பிள்ளைகள் எழும்பி வேறு வாங்குக்குப் போகிறார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை அது. அவளோடு தொடர்பு வைத்த மனுசனின் பெயரோ இன்றைக்கும் கோயில் உபயகாரர் பட்டியலில் இருக்கிறது. கேட்டால், "ஆம்பிளைதானே, சறுக்கிப் போட்டான்" என்கிறார்கள்.

மனைவியின் வேதனையை நான் குறைத்துப் பேசவில்லை. அவள் அழுவதைப் பார்த்தால் யாருக்கும் ஆத்திரம் வரும். ஆனால் ஊர் பார்க்கத் தாலி கட்டியவன் அவன். "மனிசியைப் பிரிஞ்சுதான் இருக்கிறன்" என்று மற்றவளிடம் பொய் சொன்னவனும் அவன்தான். தெரிந்தே போன பெண்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். இருந்தாலும் ஊரின் கோபம் முழுக்க ஒருத்தியின் தலையில் விழுந்தால் அவனுக்கு வசதியாகப் போய்விடுகிறது. பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் கொப்பிக்கும் காசு எங்கே என்று அவனை யாரும் கேட்பதில்லை.

சட்டம் அவனை அப்படி விடுவதில்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் சோரம், அதாவது கலியாணம் கட்டியவர் வேறொருவரோடு உறவு வைப்பது, விவாகரத்துக்கு ஒரு காரணம். கணவன் செய்தாலும் மனைவி செய்தாலும் ஒன்றுதான். விவாகரத்துக்குப் போக மனமில்லையா, சரி, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் மனைவி தனக்கும் பிள்ளைகளுக்கும் செலவுக்காசு கேட்கலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகளுக்கு அந்த இடம் காதி நீதிமன்றம். இதெல்லாம் தெரியாமல் எத்தனை பேர் நகையை அடகு வைத்துக் காலம் தள்ளுகிறார்கள்!

அடுத்த கூட்டத்துக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவிலிருந்து ஒருவரைக் கூப்பிடுங்கள். நிறுத்தியவளைத் திரும்பச் சீட்டில் சேருங்கள். அவளும் கூலிக்குப் போய்த்தான் பிள்ளையை வளர்க்கிறாள். மனைவி வழக்குப் போட்டால் தவணை நாளில் சங்கத்திலிருந்து இரண்டு பேராவது அவளோடு கோட்டுக்குப் போக வேண்டும். பஸ் காசையும் மத்தியானச் சாப்பாட்டையும் சங்கப் பணத்தில் கொடுக்கலாம். முதல் தவணைக்கு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருத்தி,
திருகோணமலை