வரிசையில் நம் இடம்

கோத்தகிரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்து பத்து நாளாகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், மழை விடவில்லை. ரோட்டில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கரண்ட் வந்தது. இப்போது மழை ஓய்ந்து பனி இறங்க ஆரம்பித்திருக்கிறது. விடியற்காலையில் தோட்டத்துப் பக்கம் போனால் கால் விரல் விறைத்துப் போகிறது.

அப்பா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஆனாலும் கொழுந்து பறிக்கிற நாளில் எடை போடுகிற இடத்துக்கு அவரே போய் நின்றால்தான் அவருக்குத் திருப்தி. லாரி சில நாள் நாலு மணிக்கு வரும், சில நாள் ஏழு மணிக்கு வரும். காத்திருப்பது அவருக்குக் கஷ்டமில்லை. எப்போது வரும், தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரியாமல் நிற்பதுதான் கஷ்டம் என்பார். அம்மா உன்னை விசாரித்தார்கள். பழைய மாதிரி ராகிக் களிக்கு முகம் சுளிப்பானா என்று கேட்கச் சொன்னார்கள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் டீமில் பதினைந்து பேர், சாயங்காலமானால் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் நிரல் மாற்றங்களை மெர்ஜ் செய்ய, அதாவது பொதுவான நிரலில் சேர்க்கப் பார்க்கிறார்கள், அந்தப் பொது நிரலான மெயின் பிராஞ்ச் டெஸ்ட் தோற்று வாரத்தில் இரண்டு நாள் சிவப்பாகவே கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். மெர்ஜ் செய்ய வரிசையில் நிற்கவைக்கிற மெர்ஜ் க்யூவும், அதற்கான பிரவுசர் நீட்சியும் (எக்ஸ்டென்ஷன்) போட்டால் சரியாகுமா என்பது உன் கேள்வி. என் அனுபவத்தில் சரியாகும். ஆனால் க்யூ செய்கிற வேலை வேறு, நீட்சி செய்கிற வேலை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நாங்கள் முதல் மாதம் குழம்பினோம்.

முதலில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மென்பொருள் பசுந்தேயிலை எடைக் கணக்குக்கானது, உனக்குத் தெரியும். ஒருவர் எடை தருகிற ஃபங்ஷனை, அதாவது நிரலின் அந்தப் பகுதியை, கிலோவிலிருந்து கிராமுக்கு மாற்றினார். மழைநாளில் இலையில் இருக்கிற தண்ணீருக்காகக் கழிக்கிற கணக்கு கிராமில் துல்லியமாக வரும் என்பது அவர் காரணம். நியாயமான காரணம்தான். அதே நேரத்தில், கூடலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டு மாதாந்திர அறிக்கை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது கிலோ. இருவரும் தொட்டது வேறு வேறு கோப்புகள், அதனால் மாற்றங்களைப் பதிவு செய்து சேர்க்கிற கிட் எந்த மோதலும் காட்டவில்லை. மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கிற விண்ணப்பம்தான் புல் ரிக்வெஸ்ட்; இருவருடையதிலும் டெஸ்ட் பச்சை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மெர்ஜ் செய்தார், அரைமணி நேரத்தில் இவளும் செய்தாள். அதோடு மெயின் சிவப்பானது. 18.5 கிலோ இலை போட்டவர் கணக்கில் 18,500 கிலோ என்று அறிக்கை சொன்னது.

டெஸ்டிலேயே பிடிபட்டதால் வெளியே யாருக்கும் தப்பான கணக்குப் போகவில்லை. ஆனால் கடைசியாக மெர்ஜ் செய்தவள் அவள் என்பதால் பழி முழுக்க அவள் மேல் விழுந்தது. ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடினாள். குரல் உடைந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். நண்பா, அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவள் டெஸ்ட் ஓட்டிய மெயினில் எடை கிலோவில்தான் இருந்தது. அவள் ஓட்டி முடித்த பிறகு, மெர்ஜ் பட்டனை அழுத்துவதற்கு முன்னால், அடியில் இருந்த தரையே மாறிவிட்டது. இதை ஆள் மேல் போட்டுத் தீர்க்க முடியாது. முறையில்தான் தீர்க்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது, இன்றும் அதில் மாற்றமில்லை.

க்யூ செய்வது இதைத்தான். நீ நேராக மெயினில் சேர்ப்பதில்லை, வரிசையில் போடுகிறாய். உன் மாற்றம் இப்போதைய மெயினோடும், உனக்கு முன்னால் நிற்பவர்களின் மாற்றங்களோடும் சேர்த்து வைத்து டெஸ்ட் செய்யப்படும். பச்சை என்றால் உள்ளே போகும். சிவப்பு என்றால் அந்த ஒன்று மட்டும் வெளியே தள்ளப்படும், மெயின் தொடப்படாது. இது புதிய யோசனையும் இல்லை. ரஸ்ட் மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர், போர்ஸ் என்ற தானியங்கி நிரலை (பாட்) எழுதி இதே வேலையைப் பத்து வருஷத்துக்கு முன்பே செய்யவைத்தார். நிரலை வைத்துப் பராமரிக்கிற தளங்களில், கிட்லேப் 2019-ல் மெர்ஜ் ட்ரெயின் என்ற பெயரில் கொண்டுவந்தது. கிட்ஹப் தன் சொந்த மெர்ஜ் க்யூவை 2023 ஜூலையில் எல்லோருக்கும் திறந்தது. நாங்கள் கிட்ஹப்போடு சேர்ந்து ஓடுகிற மெர்ஜிஃபை என்ற க்யூ சேவையை வைத்திருக்கிறோம். நீ கேட்ட நீட்சி அதனுடையதுதான்.

வரிசை என்றால் தாமதம் ஆகாதா என்று உன் மேனேஜர் கேட்பார். கணக்குப் போட்டுக் காட்டு. ஒரு டெஸ்ட் ஓட 20 நிமிஷம், 12 புல் ரிக்வெஸ்ட் காத்திருக்கிறது என்று வை. ஒவ்வொன்றாகச் செய்தால் 4 மணி நேரம். நாலு நாலாகக் கட்டி ஒரே டெஸ்டில் ஓட்டினால் மூன்று கட்டு, எல்லாம் பச்சையாக இருந்தால் 1 மணி நேரம். ஒரு கட்டு சிவப்பானால் அதைப் பிரித்துப் பிரித்து ஓட்டி, கெட்டது எது என்று கண்டுபிடிக்கும். முன்னால் இருப்பது பச்சையாகும் என்று நம்பி, பின்னால் இருப்பதை அதன்மேல் அடுக்கி ஒரே நேரத்தில் ஓட்டுகிற வழியும் உண்டு. அதில் முன்னது தோற்றால் பின்னால் நிற்பவை எல்லாம் திரும்ப ஓடவேண்டும். அதனால்தான் ஒரு நாள் தேறி ஒரு நாள் தோற்கிற டெஸ்ட் இருந்தால் முதலில் அதைச் சரிசெய் என்கிறேன். தனியாக மெர்ஜ் செய்கிற காலத்தில் அது ஒருவருக்குத் தொல்லை. வரிசையில் அது பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் தொல்லை. நாங்கள் அப்படி ஒன்பது டெஸ்ட்டைக் களைந்த பிறகுதான் க்யூ ஒழுங்காக நகர ஆரம்பித்தது.

இப்போது நீட்சி. க்யூ ஓடுவது எங்கோ சர்வரில். நீட்சி போடாவிட்டாலும் அது ஓடும். வரிசையில் சேர்க்க வேண்டுமென்றால் புல் ரிக்வெஸ்ட்டில் மெர்ஜிஃபை பெயரைக் குறிப்பிட்டு க்யூ என்று கமெண்ட் எழுதினால் போதும். மாற்றத்தைப் புது மெயினின் மேல் திரும்ப அடுக்குகிற ரீபேஸ், மெயினில் புதிதாக வந்ததை உள்ளே சேர்க்கிற அப்டேட், பழைய வெளியீட்டுக்கு எடுத்துப்போகிற பேக்போர்ட் எல்லாவற்றுக்கும் அப்படி ஒவ்வொரு கட்டளை உண்டு. நீட்சி அந்தக் கட்டளைகளைப் பட்டன்களாகப் புல் ரிக்வெஸ்ட் பக்கத்திலேயே கொண்டுவந்து வைக்கிறது. நீ அழுத்தினால், உன் பெயரிலேயே அந்தக் கமெண்ட்டை எழுதிப் போடுகிறது. யார், எப்போது, எதை வரிசையில் போட்டார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் பதிவாகிறது. இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சின்ன விஷயம்தானே, ஒரு வரி டைப் செய்ய முடியாதா என்று நானும் முதலில் நினைத்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் மனசு மாறினேன். வெள்ளிக்கிழமை சம்பவத்துக்குப் பிறகு அவளுக்கு மெர்ஜ் என்றாலே பயம். கட்டளையைத் தப்பாக எழுதிவிடுவோமோ, எல்லோரும் பார்க்கிற இடத்தில் அசட்டுத்தனமாக ஆகிவிடுமோ என்று தயங்கி, அடுத்தவரிடம் கொடுத்துச் சேர்க்கச் சொல்வாள். பட்டன் வந்தபிறகு தானே போடுகிறாள். அங்கிருந்தே க்யூவின் நிலவரத்துக்குப் போய், தனக்கு முன்னால் எத்தனை இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகிறாள். அப்பா லாரிக்குக் காத்திருப்பதைச் சொன்னேனே, அவருக்கும் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

என் பங்குக்கும் ஒரு நிம்மதி. இங்கே லைன் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. முன்பெல்லாம் டெஸ்ட் பச்சையாகும் நேரம் பார்த்துக் காத்திருந்து, மற்றவர் முந்துவதற்குள் மெர்ஜ் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் மேகம் இறங்கி நெட் போனால் போச்சு, திரும்ப முதலிலிருந்து. இப்போது வரிசையில் போட்டுவிட்டால் என் கரண்ட் போனாலும் என் இடம் போவதில்லை. மலையில் இருப்பவனும் சென்னையில் ஃபைபர் லைனில் இருப்பவனும் அந்த வரிசையில் ஒன்றுதான்.

போடுவதற்கு முன் சில விஷயம் பார்த்துக்கொள். இந்த மாதிரி நீட்சி கிட்ஹப் பக்கங்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். கேட்காமல் பட்டன் வைக்க முடியாது. ஆனால் அந்தப் பக்கங்களில்தான் வெளியாருக்குக் காட்டாத உங்கள் நிரல் முழுக்க இருக்கிறது. அதனால் பிரவுசரின் அதிகாரபூர்வக் கடைப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். கிட்ஹப் தவிர வேறு தளத்துக்கு அனுமதி கேட்கிறதா என்று பாருங்கள். உங்கள் பாதுகாப்பு டீமிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி நிறுவுங்கள். அப்புறம், ஒரு நாள் பட்டன் காணாமல் போனால் பதற வேண்டாம். பக்கத்தின் அமைப்பு மாறினால் நீட்சிக்குத் தன் இடம் தெரியாது, புதுப்பதிப்பு வரும்வரை கமெண்ட்டைக் கையால் எழுதலாம். அதற்காகவாவது அந்தக் கட்டளைகளை எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிக்கொடு.

அவசரத் திருத்தத்தை முன்னால் விட ஒரு முன்னுரிமை விதி வைக்கலாம். மலைப்பாதையில் ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குவது மாதிரி. ஆனால் அதை யார் பயன்படுத்தலாம் என்று இரண்டே பேரைச் சொல்லிவிடு. நாங்கள் எல்லோருக்கும் கொடுத்திருந்தோம், ஒரே வாரத்தில் எல்லாமே அவசரமாகிவிட்டது.

குடும்பத்தோடு மே மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். ஒன்று சொல்கிறேன், கேள். 2024 மே முதல் இங்கே வர இ-பாஸ் எடுக்க வேண்டும், அது பெரிய வேலையில்லை. ஆனால் சீசன் நெரிசலில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியாக மாற்றிவிடுவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நேராக ஏறிவர முடியாமல், மலையைச் சுற்றிக்கொண்டு வருவாய். பிள்ளைகளுக்கு வளைவில் வாந்தி வரும். பிப்ரவரியில் வா. பனி குறைந்திருக்கும், ரோடும் காலியாக இருக்கும். வரும்போது லேப்டாப்பையும் எடுத்துவா. உங்கள் நிரல் இருக்கிற ரெபோவுக்கான க்யூ விதிக் கோப்பை இருவரும் உட்கார்ந்து எழுதிவிடலாம், ஒரு சாயங்காலம் போதும். களி வேண்டாமென்றால் முன்கூட்டியே அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்