'வனவாசம்' நூலை மீண்டும் இரவலுக்குக் கொடுங்கள்

எங்கள் நூலகத்தின் பொறுப்பாளர்களுக்கும் வாசகர் வட்டத்துப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

கவிஞர் கண்ணதாசன் தன் வாழ்க்கையை எழுதிய 'வனவாசம்' இரவல் பகுதியிலிருந்து, அங்கேயே உட்கார்ந்து படிக்க மட்டும் விடும் குறிப்புதவிப் பகுதியின் கண்ணாடி பீரோவுக்குப் போனது ஏன் என்று உங்களுக்கே தெரியும். புகார் சொன்னவர் யார், கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்பதையெல்லாம் நான் கிளறப் போவதில்லை. அந்த நூலை மீண்டும் வீட்டுக்கு எடுத்துப்போக விடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஏற்காட்டுக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுகிறேன். என் அண்ணன் மகள் சென்ற ஆண்டு புகுந்த வீட்டை விட்டுக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவள் வாசலுக்கு வந்தாலே நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். "சித்தப்பா, தம்பி படித்தானே, அந்தப் புத்தகம் கிடைக்குமா?" என்று ஒருநாள் கேட்டாள். தம்பி என்றது என் மகனை. அவன் கல்லூரியில் நான்கு பாடத்தில் தோற்றதை ஒரு வருடம் எங்களிடம் மறைத்து வைத்திருந்தான். உங்கள் நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த 'வனவாசம்' நூலைப் படித்து முடித்த இரவில்தான், அடுப்படியில் அம்மாவிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னான்.

அண்ணன் மகளைச் சேலத்தில் உங்கள் நூலகத்துக்கு நானே அழைத்து வந்தேன். 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்குவதற்குள் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தது. இங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்றார்கள், உட்கார்ந்தாள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் புத்தகம். முப்பது பக்கம் போயிருக்கும், குழந்தை அழுதது. வெளியே கொண்டுபோகச் சொன்னார்கள். கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்துப் பக்கத்துக்கு அடையாளமாக வைத்துவிட்டு எழுந்தாள். மறுவாரம் வந்தபோது அந்த டிக்கெட் இல்லை. விட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை மறுபடி சிணுங்க, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் மலை ஏறும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

குடியும் பெண் சகவாசமும் எழுதியிருக்கிறது, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறீர்கள். எழுதியிருக்கிறதுதான். ஆனால் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்தீர்களா? தன் கதையை 'நான்' என்று சொல்லாமல் 'அவன்' என்று சொல்கிறார். தன்னையே எதிரே நிறுத்தி, இவன் இங்கே சறுக்கினான், இங்கே ஏமாந்தான் என்று கூசாமல் எழுதிப் போகிறார். பேரும் புகழும் உள்ள மனிதர் இப்படிச் சட்டையைக் கழற்றிக் காட்டும்போதுதான், ஊர் வாய்க்குப் பயந்து உள்ளேயே புழுங்குகிறவர்களுக்கு மூச்சு வருகிறது. குறையே இல்லாத தலைவர்களின் வரலாறுகள் உங்கள் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. என் மகன் அவற்றையும் படித்தவன்தான். அவற்றைப் படித்து அவன் வாய் திறக்கவில்லை.

கண்ணதாசனுக்கு 1980ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்த 'சேரமான் காதலி' நாவல் இன்றும் இரவல் பகுதியில்தான் இருக்கிறது. அவர் கற்பனையாக எழுதியதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், வாழ்ந்ததை எழுதினால் கூடாதா? அதுவும் சேலத்தில்! டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனியில் சம்பளத்துக்கு எழுதியவர் அவர். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவைத் தாண்டித்தான் நாங்கள் வந்து போகிறோம்.

கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்றார் உங்களில் ஒருவர். வாங்கிக் கொடுத்துவிட்டேன் ஐயா. என்னால் முடிந்தது. காப்பிப் பழம் பறித்துக் கூலி வாங்குகிற வீட்டுப் பெண் கேட்டால் யார் வாங்கித் தருவது? விடுதலைக்குப் பிறகு நாட்டிலேயே முதன்முதலாக, 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாகாணத்தில். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். பஸ்ஸுக்கும் கூலிக்கும் மருத்துவமனைக்கும் காத்து நின்று பழகியவர்கள் நாங்கள். ஒரு புத்தகத்துக்குமா இப்படிக் காக்க வைக்க வேண்டும்?

கோபத்தில் ஏதேனும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிறுவர்கள் பற்றிய கவலை எனக்கும் உண்டு. சிறுவர் உறுப்பினர் அட்டைக்குக் கொடுக்க வேண்டாம், பெரியவர்களுக்குக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். தயவுசெய்து 'வனவாசம்' நூலை இரவல் பகுதியில் வையுங்கள்.

எங்கள் தோட்டத்திலேயே இன்னொரு பெண் அதைக் கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் அவளுடைய உறுப்பினர் அட்டையோடு வருகிறேன்.

பணிவுடன்,
சேர்வராயன் மலையிலிருந்து உங்கள் வாசகன்